பந்தை விடு தம்பி, பொழுது படுகுது

கோல் காப்பாளர் பந்தைக் கையில் எட்டுச் செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். 2025 ஜூலை 1 முதல் இது உதைபந்தாட்டச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற விதி. மன்செஸ்ரரில் விளையாடினாலும் அதுதான், மயிலங்காட்டில் விளையாடினாலும் அதுதான். ஆனால் எங்கட பக்கத்துச் சுற்றுப்போட்டிகளில் இந்தக் கோணரை ஒரு நடுவர் கொடுத்து நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டால், "அதெல்லாம் ரீவியில காட்டுற மச்சுக்கு அண்ணை" என்கிறார்கள்.

இல்லை தம்பி. ரீவியில் காட்டுகிற ஆட்டத்தைவிட எங்கட ஆட்டத்துக்குத்தான் இந்த விதி கூடத் தேவை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும். தேத்தண்ணி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து இருங்கோ.

முதலில் எங்கட ஆக்களின் திறமையைச் சொல்லவேண்டும். ஒரு கோலால் முன்னுக்கு நிற்கிற அணி. கடைசிப் பத்து நிமிடம். ஒரு துறோ கிடைக்கிறது. முதலில் ஒருவர் ஓடிவந்து பந்தை எடுப்பார். சேர்ட்டில் வடிவாகத் துடைப்பார். எறியப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோவார். பிறகு என்ன நினைத்தாரோ, பந்தைக் கீழே போட்டுவிட்டு, "நீ எறி மச்சான்" என்று மற்றவரைக் கூப்பிடுவார். அந்த மச்சான் மைதானத்தின் அடுத்த கரையில் நிற்பார். அங்கேயிருந்து நடந்து வருவார். வந்து சேர்ந்த பிறகுதான் தன் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருப்பது அவருக்குத் தெரியவரும்.

பந்து நல்ல தூரம் வெளியே போய்விட்டால் அது வேறு கதை. கரையோர மைதானம் என்றால் கடல். உள்ளுக்கென்றால் பனங்காணி, கிடுகுவேலி, அயல் வீட்டு வளவு. அதுவரை மின்னல் மாதிரி ஓடிப் பந்து பொறுக்கிக் கொடுத்த சின்னப் பெடியள், சொந்த ஊர் அணி கோல் அடித்ததும் எங்கேயோ மறைந்துபோவார்கள். கடைசியில் தோற்றுக்கொண்டிருக்கிற அணியின் கோல் காப்பாளரே வேலி பாய்ந்து பந்து எடுக்கப்போவார். இதையும் நான் கண்டிருக்கிறேன்.

ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவர் நடுவருக்குக் கைகொடுப்பார், எதிரணிக்குக் கைகொடுப்பார், குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்பார் அல்லது சிலுவை போடுவார். விழுந்து கிடக்கிறவருக்குச் சித்தாலேப பூச இரண்டு பேர், தண்ணி ஊற்ற ஒருவர், காலைப் பிடித்து மேலே தூக்க ஒருவர். எழும்பி நொண்டி நொண்டி வெளியே போனவர், கோடு தாண்டியதும் மான் மாதிரி ஓடி உள்ளே வருவார்.

இதையெல்லாம் எங்கட ஊர் அணி செய்தால் "பெடியளுக்கு அனுபவம் கூட" என்போம். அடுத்த ஊர் அணி செய்தால் கள்ள விளையாட்டு.

உலகம் முழுக்க இதே கூத்துத்தான், யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அங்கே கடத்தின நேரத்தைத் திருப்பிக் கொடுக்க வழியுண்டு. நாலாவது நடுவர் பலகையைத் தூக்கிக் காட்டுவார். 2022 கட்டார் உலகக்கிண்ணத்தில் நடுவர் குழுவின் தலைவர் பியர்லூயிஜி கொலினா, வீணான ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்கெடுத்துக் கூட்டச் சொல்லிவிட்டார். இங்கிலாந்துக்கும் ஈரானுக்கும் நடந்த முதல் ஆட்டத்தில் ஈரான் கோல் காப்பாளருக்குத் தலையில் அடிபட்டுக் கனநேரம் போனது. இரண்டு பாதியிலும் சேர்த்துக் கூட்டின நேரம் 27 நிமிடம். மைதானத்தில் விளக்கு எரிகிறது, ஆட்டம் ஓடுகிறது, யாருக்கும் நட்டமில்லை.

எங்கட சுற்றுப்போட்டியை யோசித்துப் பாருங்கோ. ஒரே மைதானத்தில் ஒரே பின்னேரம் இரண்டு மூன்று ஆட்டம். வெயில் கொஞ்சம் தணியத்தான் தொடங்கலாம். நாலு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருக்கும். பிரதம விருந்தினர் வந்து சேர வேண்டும். வந்தால் மங்கள விளக்கு, மாலை, பேச்சு, பிறகு வீரர்களை வரிசையில் நிறுத்தி அறிமுகம். நேரம் கடத்துகிற வேலையைத் தொடக்கி வைக்கிறதே மேடைதான். பெடியள் அதைத் தொடர்கிறார்கள், அவ்வளவுதான். மார்கழி மாதமென்றால் ஆறு மணிக்கே பந்து மங்கலாகிவிடும். அதனால் பாதிக்கு இருபத்தைந்து, முப்பது நிமிடம் என்று ஆட்டத்தையே வெட்டிவிடுவோம். அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர் ஆட்டமென்றால் இன்னும் குறையும். மின்னொளியில் நடத்துகிற போட்டியிலும் இதே கதைதான். அடுத்த இரண்டு அணியும் கோட்டில் நின்று சப்பாத்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஐம்பது நிமிட ஆட்டத்தில் ஆறு நிமிடம் கடத்தினால் எவ்வளவு பெரிய பங்கு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கோ. அந்த ஆறு நிமிடத்தைக் கூட்டிக் கொடுக்க எந்த நடுவராலும் முடியாது. அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், இரண்டு நிமிடம் விட்டு ஊதிவிடுவார். சமநிலை என்றால் தண்ட உதை. ஆக, எங்கட மைதானத்தில் கடத்தின நேரம் கடத்தினவனுக்கே சொந்தம். திருப்பி எடுக்க முடியாத நேரத்தை அந்த இடத்திலேயே தடுக்கவேண்டும். புது விதிகள் எல்லாம் போகிற பாதையும் இதுதான்: பிறகு கூட்டிக் கொடுக்கிறதை விட்டு, அப்போதே பந்தைப் பறிக்கிறது.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1990 இத்தாலி உலகக்கிண்ணம். ஜூன் 17, பலேர்மோவில் அயர்லாந்தும் எகிப்தும். கோலில்லாமல் முடிந்த ஆட்டம். அயர்லாந்துக் கோல் காப்பாளர் பக்கி பொனர் அந்த ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தார் என்று கணக்குச் சொல்வார்கள். செய்தது பெரிய வித்தையொன்றுமில்லை. பின்வரிசை ஆட்டக்காரரிடம் பந்தை உருட்டுவார், அவர் திருப்பித் தட்டுவார், இவர் மறுபடி கையில் எடுப்பார். அப்போது சட்டத்தில் அதற்குத் தடையில்லை. இரண்டு வருடம் கழித்து 1992 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் டென்மார்க்கும் முன்னுக்கு நின்றுகொண்டு தன் கோல் காப்பாளர் ஸ்மைக்கேலுக்குப் பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கோடையிலேயே பக் பாஸ் விதி வந்தது. சொந்த அணிக்காரர் வேண்டுமென்று காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கோல் காப்பாளர் கையால் தொடக்கூடாது. பார்சிலோனா ஒலிம்பிக்கில் தொடங்கினார்கள்.

இங்கே அந்த விதி வந்து சேர்ந்த விதம் வேறு. பொனர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அதே 1990 ஜூனில்தான் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. பிறகு மின்சாரமில்லாத வருடங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். பக் பாஸ் விதியை விளையாட்டில் கண்ணால் பார்க்க வழியில்லை, கேள்விப்பட்டுத்தான் விளையாடினோம். "காலால தந்தால் தொடக்கூடாதாம், தலையால தந்தால் தொடலாமாம்" என்று ஒரு அண்ணை வந்து சொன்னதும், பந்தைக் காலால் மேலே கிளப்பித் தன் தலையால் பின்னுக்குக் கொடுக்கிற யுக்தியை ஒருவன் உடனே கண்டுபிடித்தான். அதையும் சட்டம் தடுக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவர இன்னும் காலம் எடுத்தது. விதி பிறந்த அன்றே அதைச் சுற்றிப்போகிற ஒழுங்கையும் பிறந்துவிடும்.

பக் பாஸ் விதி வென்றது. அதற்குப் பிறகு வந்த ஆறு செக்கன் விதி தோற்றது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்கும்.

முந்தி கோல் காப்பாளர் பந்தோடு நாலு அடிதான் வைக்கலாம். 2000ஆம் ஆண்டளவில் அதை நீக்கி, எவ்வளவும் நடக்கலாம், ஆனால் ஆறு செக்கனுக்குள் விடவேண்டும் என்றார்கள். மீறினால் கோலுக்கு முன்னால், பெட்டிக்குள்ளேயே எதிரணிக்கு மறைமுக உதை. எத்தனை தரம் இதைப் பார்த்திருக்கிறீர்கள்? கோல் காப்பாளர்கள் பதினைந்து, இருபது செக்கன் வைத்திருப்பார்கள். நடுவர் "விடு, விடு" என்று கையைக் காட்டுவார். அவ்வளவோடு சரி.

ஒருவர் துணிந்து கொடுத்தார். 2012 ஆகஸ்ட் 6, லண்டன் ஒலிம்பிக்கின் பெண்கள் அரையிறுதி, ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானம். கனடா அமெரிக்காவுக்கு எதிராக 3-2 என்று முன்னுக்கு நிற்கிறது. கிறிஸ்ரின் சின்கிளேயர் மூன்று கோல் அடித்த ஆட்டம். முடிய பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கனடாவின் கோல் காப்பாளர் எரின் மக்லியோட் பந்தைக் கனநேரம் வைத்திருந்தார் என்று நோர்வே நடுவர் கிறிஸ்ரினா பெடர்சன் ஊதினார். பெட்டிக்குள் மறைமுக உதை. அந்தப் பந்து கனடா வீராங்கனையின் கையில் பட்டது. தண்ட உதை. 3-3. மேலதிக நேரத்தின் கடைசி மூச்சில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி அமெரிக்கா 4-3. கனடாக்காரர் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தால் சூடாகிவிடுவார்கள்.

நடுவர் சட்டப்படிதான் செய்தார். ஆனால் சில செக்கன் பிந்தினதற்கு ஒரு இறுதியாட்டமே போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு எந்த நடுவருக்கு அந்த விசிலை ஊதக் கை வரும்? குற்றம் சின்னது, தண்டனை மலையளவு. அப்படியான தண்டனை புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும்.

எட்டுச் செக்கன் விதியின் கெட்டித்தனம் இங்கேதான். நேரத்தை இரண்டு செக்கன் கூட்டினார்கள், தண்டனையைக் குறைத்தார்கள். கோணர் என்பது ஆபத்துத்தான், ஆனால் உயிர் போகிற ஆபத்தில்லை. நடுவர் கடைசி ஐந்து செக்கனைக் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டவேண்டும். கோல் காப்பாளருக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியும், பார்க்கிற சனத்துக்கும் தெரியும். "திடீரென்று ஊதினான்" என்று ஒருவரும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் இளையோர் ஆட்டங்களிலும் மோல்ராவிலும் முதலில் சோதித்துப் பார்த்தபோது, தண்டனை கொடுக்கவேண்டி வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். கை உயர்ந்ததும் பந்து போய்விடுகிறது. கொடுக்கக்கூடிய தண்டனை என்று தெரிந்தால் கொடுக்கவேண்டிய தேவையே வராது.

இதை எங்கட நடுவரின் இடத்திலிருந்து பாருங்கோ. துரையப்பா அரங்கில் இறுதியாட்டம் என்றால் பரவாயில்லை. 2016 இல் இந்திய உதவியோடு திருத்தித் திறந்த அரங்கு, சுற்றிவர மறைப்பு இருக்கிறது. ஊர் மைதானத்தில் கோட்டுக்கும் சனத்துக்கும் இடையில் ஒரு கயிறுதான். சில நேரம் அதுவும் இல்லை. நடுவர் பக்கத்து ஊர்க்காரர், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவர் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் தெரியும். ஆட்டம் முடிந்து அந்தச் சனத்துக்குள்ளாலேயே மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவேண்டியவர். கடைசி நிமிடத்தில் பெட்டிக்குள் மறைமுக உதை கொடுக்கச் சொன்னால் அவர் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் சொல்லமாட்டேன். கோணர் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார். நாலு பேர் கத்துவார்கள், அதோடு முடிந்துவிடும்.

எங்கட ஒலிபெருக்கி அறிவிப்பாளர்களும் இதில் உதவலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த யோசனையைக் கைவிட்டேன். மைக்கில் எண்ணத் தொடங்கினால் சனமும் சேர்ந்து எண்ணும். சனத்தின் எட்டுச் செக்கன் நாலு செக்கனில் முடிந்துவிடும். நடுவரின் விரலே போதும்.

இப்போது அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். விதிகளை எழுதுவது 1886 இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ.பி. என்கிற சபை. மொத்தம் எட்டு வாக்கு. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நாலுக்கும் ஒவ்வொன்று, மிச்ச உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஃபீஃபாவிடம் நாலு. ஒரு விதி மாற ஆறு வாக்கு வேண்டும். பிறேசிலுக்கே தனி வாக்கில்லாத இடத்தில் இலங்கையைப் பற்றிக் கதைத்து வேலையில்லை. கோல் காப்பாளருக்கு வைத்த எண்ணும் முறையை துறோவுக்கும் கோல் கிக்குக்கும் நீட்டலாம் என்று 2025 ஒக்ரோபரில் ஆலோசனைக் குழுக்கள் சொல்லின. 2026 பெப்ரவரி கடைசியில் வேல்ஸில் கூடிய பொதுக்கூட்டத்தில் அதையும் வேறு சிலதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

துறோவைப் பிந்தவைக்கிறார்கள் என்று நடுவருக்குப் பட்டால் கையை உயர்த்தி ஐந்து செக்கன் எண்ணுவார். அதற்குள் எறியாவிட்டால் துறோ எதிரணிக்கு. கோல் கிக் என்றால் எதிரணிக்குக் கோணர். ஆள் மாற்றும்போது வெளியே போகிறவர் பத்துச் செக்கனுக்குள் போகவேண்டும். போகாவிட்டால் உள்ளே வரவேண்டியவர் குறைந்தது ஒரு நிமிடம் வெளியே நிற்கவேண்டும். எல்லாம் அதே வழிதான், சின்னத் தண்டனை, உடனடித் தண்டனை.

ஆள் மாற்றும் விதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நல்ல விதி. 2019 இலிருந்தே மாற்றப்படுகிறவர் கிட்ட இருக்கிற கோட்டால் வெளியேறவேண்டும் என்று இருக்கிறது. அதையே எங்கட பக்கம் ஒழுங்காகக் கேட்கிறதில்லை.

துறோ விதி எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். ஐந்து செக்கன் எண்ண முதல் பந்து கையில் இருக்கவேண்டும். பெரிய லீக்குகளில் மைதானத்தைச் சுற்றிப் பந்துகள் தயாராக இருக்கும். ஒன்று போனால் மற்றது வரும். எங்கட போட்டியில் ஒரு நல்ல பந்து, ஒரு பழைய பந்து. நல்ல பந்து பனங்காணிக்குள் போனால் பழையதைக் கொண்டுவா என்று ஒரு கோஷ்டி, வேண்டாம் என்று ஒரு கோஷ்டி. இப்படி இருக்கும்வரை விரல் எண்ணி வேலையில்லை. மூன்று ஒரே தரப் பந்தும், அணிச் சீருடை போடாத நாலு பெடியளும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கிண்ணத்தின் உயரத்தை அரை அடி குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும். கிண்ணம் ஆளுயரத்துக்கு வளர்ந்துகொண்டு போகிறது, பந்து மட்டும் தையல் விட்டுக்கொண்டு கிடக்கிறது.

நான் ஒத்துக்கொள்ளாத விதி ஒன்றும் இருக்கிறது. மைதானத்துக்குள் வைத்தியம் பார்த்த ஆட்டக்காரர் வெளியே போய் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். இங்கிலாந்து பிறீமியர் லீக்கில் 2023-24 பருவத்திலிருந்து இது முப்பது செக்கனாக இருந்தது. பொய்யாக விழுகிறவரைத் தடுக்கிற நோக்கம் விளங்குகிறது. பிழை செய்த எதிரணிக்காரருக்கு அட்டை காட்டப்பட்டால், அடிபட்டவர் வெளியே போகத் தேவையில்லை என்கிற விலக்கும் இருக்கிறது. ஆனாலும் எங்கட நிலத்தை யோசியுங்கோ. கோடையில் மைதானம் சீமெந்துத் தரை மாதிரி. மேலே கொஞ்சம் செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். தலையோடு தலை முட்டி விழுகிற பெடியனுக்குப் பக்கத்தில் வைத்தியர் இல்லை. தெரிந்த ஒரு அண்ணை தண்ணிப் போத்தலோடு ஓடுவார். "வெளிய போனால் ஒரு நிமிசம் நாங்கள் பத்துப் பேர், எழும்படா" என்றுதான் முதல் சத்தம் வரும். அவனும் எழும்புவான். தலை சுற்றினாலும் எழும்புவான். பெரிய இடங்களில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் கணக்கில் சேராத மேலதிக மாற்று ஆளை இறக்க 2024 இலிருந்து சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கட போட்டிகளில் அந்த இடத்தை யாரும் எடுத்துப் பாவிக்கவில்லை.

கோல் காப்பாளருக்கு அந்த ஒரு நிமிடம் கிடையாது. அவரை வெளியே அனுப்பமுடியாது அல்லவா. இனிமேல் நேரம் கடத்தவேண்டுமென்றால் யார் விழுவார் என்று எங்கட பெடியளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மற்ற அணி நன்றாக விளையாடத் தொடங்கினதும் கோல் காப்பாளருக்குத் தொடை பிடித்துக்கொள்ளும். பத்துப் பேரும் பயிற்சியாளரிடம் ஓடிப்போய்த் தண்ணி குடித்துக்கொண்டே பாடம் கேட்பார்கள். இதற்கு இன்னும் சரியான மருந்து வரவில்லை.

வேறு ஒரு யோசனையையும் அடிக்கடி கேட்கிறேன். மணிக்கூட்டை நிறுத்தி நிறுத்தி ஓடவிடலாம், பாதிக்கு முப்பது நிமிடம், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மட்டும் நேரம் ஓடும். 2017 இல் ஐ.எஃப்.ஏ.பி. வெளியிட்ட ஆவணமொன்றிலேயே இது இருந்தது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஓடுகிற நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு என்பதால் அறுபது நிமிடம் நியாயமான கணக்குத்தான். ஃபுட்சாலில் இப்படித்தான் பாதிக்கு இருபது நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எத்தனை மணிக்கு முடியும் என்று தெரியாத ஆட்டத்தைச் சூரிய வெளிச்சத்தில் நடத்த முடியாது. மூன்றாவது ஆட்டம் நிலவில்தான் முடியும். உள்ளரங்கில் ஐந்து பேர் ஆட்டத்துக்குச் சரி, வயல்வெளிக்குச் சரிவராது.

சின்னத் தண்டனை, பெரிய தண்டனை என்று சொன்னேன். இலங்கைக்காரருக்கு இதை விளக்க உதைபந்தாட்டத்துக்கே போகத் தேவையில்லை. 2023 நவம்பர் 6, டெல்லி. உலகக்கிண்ணக் கிரிக்கெட்டில் பங்களாதேஷுக்கு எதிராக அஞ்சலோ மத்தியூஸ் ஆடுகளத்துக்கு வந்து, ஹெல்மெட் பட்டி அறுந்துபோய் வேறு ஹெல்மெட் கேட்டார். இரண்டு நிமிடம் கடந்துவிட்டது. ஷகிப் அல் ஹசன் முறையிட்டார். ஒரு பந்தும் சந்திக்காமல் அவுட். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் எங்கட ஆள்தான். அன்றைக்கு நாடே கொதித்தது. சட்டம் சரியா பிழையா என்று விடிய விடியக் கதைத்தோம். சட்டத்தில் பிழையில்லை. ஒரு பட்டிக்கு ஒரு விக்கெட் என்கிற விலையில்தான் பிழை.

அதே கிரிக்கெட்டில் வேறொன்றும் நடந்தது. அந்த வருடக் கடைசியில் ஓவருக்கும் ஓவருக்கும் இடையில் அறுபது செக்கன் என்று மணிக்கூடு வைத்தார்கள். இரண்டு தரம் எச்சரிக்கை, மூன்றாம் தரம் ஐந்து ஓட்டம் அபராதம். 2024 இல் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களுக்கு நிரந்தரமாக்கினார்கள். யாராவது வீதிக்கு இறங்கினார்களா? ஐந்து ஓட்டம் வலிக்கும், ஆனால் கொல்லாது.

இன்னொரு சின்னத் தகவல், எங்களோடு தொடர்புள்ளது. 2018 இல் லண்டனில் நடந்த கொனிஃபா உலகக்கிண்ணத்தில் புலம்பெயர்ந்த பெடியளைக் கொண்ட தமிழீழ அணியும் விளையாடியது. பராவா, கஸ்கேடியா, எலன் வனின் அணிகளோடு ஒரே பிரிவில். ஃபீஃபாவில் சேராத அணிகளின் போட்டி அது. அங்கே பச்சை அட்டை என்று ஒன்று வைத்திருந்தார்கள். நடுவரோடு வாய்காட்டினாலோ பொய்யாக விழுந்தாலோ பச்சை அட்டை. அந்த ஆட்டக்காரர் வெளியே போகவேண்டும், ஆனால் மாற்று ஆள் மிச்சமிருந்தால் ஒருவரை இறக்கலாம். அணிக்கு ஆள் குறையாது, விழுந்தவருக்கு மட்டும் ஆட்டம் போய்விடும். பெரிய சபைகள் இதைக் கவனிக்கவில்லை. எங்கட சுற்றுப்போட்டிகளில் ஒருக்கால் பரீட்சித்துப் பார்க்க நல்ல விதி என்று நான் நினைக்கிறேன்.

யாழ்ப்பாண லீக்கோ, வலிகாம லீக்கோ, வடமராட்சிப் பக்கமோ, நாவாந்துறை முதல் இளவாலை வரை கழகப் போட்டி நடத்துகிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டிக்கு விதிமுறைத் தாள் அச்சடிக்க முதல் நடுவர் சங்கத்தவரோடு ஒரு பின்னேரம் இருந்து கதையுங்கோ. எட்டுச் செக்கன் கோணரையும் ஐந்து செக்கன் துறோவையும் தமிழில் தெளிவாக எழுதி, ஆட்டத்துக்கு முதல் இரண்டு அணித் தலைவர்களிடமும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கோ. தலையில் அடிபட்டவருக்கு ஒரு நிமிடக் கணக்கு இல்லை என்றும், அவருக்குப் பதிலாக ஒருவரை இறக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கோ. சென். ஜோன்ஸ் முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கோ. மூன்று பந்து வாங்குங்கோ. நாலு மணிக்கென்று நோட்டீஸில் போட்டால் நாலு மணிக்கு விசில் ஊதுங்கோ. பிரதம விருந்தினர் வந்து சேராவிட்டால் பரவாயில்லை, இடைவேளையில் கைகொடுக்கட்டும்.